வெளிமாநிலப் பிள்ளைகளுக்குத் தமிழ்: நாடகமா, சொந்தப் புத்தகமா, கையெழுத்துப் பத்திரிகையா?

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நெருங்கியிருக்கும் பகுதிகளில் அரசுத் தொடக்கப் பள்ளிகளின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம் என்று பல ஊர்ப் பிள்ளைகளின் பெயர்கள் வரும். அப்பா செக்கிங்கிலோ அயர்னிங்கிலோ இருப்பார். அம்மாவும் பீஸ் ரேட் வேலைக்குப் போவார். வயதுக்கேற்ற வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. சரி, சேர்த்தாயிற்று. நாலாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளைக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. பாடம் எல்லாம் தமிழில்.

இப்படி ஒரு வகுப்பை வைத்திருக்கும் ஆசிரியர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வெறும் எழுத்துப் பயிற்சி போதாது, ஏதாவது ஒரு படைப்புச் செயல்திட்டம் வேண்டும் என்பதில் பலருக்கும் சந்தேகம் இல்லை. எதைச் செய்வது என்பதுதான் கேள்வி. ஒரு பருவத்தில் வாரத்துக்கு ஒன்றிரண்டு பாடவேளைதான் ஒதுக்க முடியும். எல்லாவற்றையும் தொட்டுவிட்டு எதையும் முடிக்காமல் போவதைவிட, ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை செய்வது நல்லது. பொம்மலாட்டமும் நாடகமும், பிள்ளை தானே செய்யும் இருமொழிப் புத்தகம், வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகை ஆகிய மூன்றும் உண்மையான போட்டியாளர்கள். பாட்டு, மாதிரி செய்தல், ஃபோனில் ஒலிப்பதிவு போன்றவை துணைக்கு வரும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இருமொழிப் புத்தகத்தை எடுங்கள். ஆனால் எல்லா வகுப்புக்கும் அது பொருந்தாது. எங்கே பொருந்தாது என்பதையும் பார்ப்போம்.

எதை வைத்து ஒப்பிடுவது

வெளிமாநிலப் பிள்ளை தமிழ் பேசப் பழகுவது நாம் நினைப்பதைவிட வேகமாக நடக்கும். லைன் வீட்டு வாசலில் விளையாடியே "வாங்க", "குடுங்க", "எனக்கு வேணும்" எல்லாம் வந்துவிடும். அதைக் கேட்டு நாம், "இவன் நல்லாத் தமிழ் பேசறான், இனிமே பிரச்சினை இல்லை" என்று விட்டுவிடுகிறோம். அங்கேதான் பிள்ளை பின்தங்குகிறது. கனடாவில் குடியேறிய பிள்ளைகளைப் பற்றிப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் சொன்ன கணக்கு உலகம் முழுக்கப் பரவியது: புது மொழியில் சரளமாகப் பேச ஏறக்குறைய 2 ஆண்டுகள் போதும், பாடம் படிக்கத் தேவையான மொழியில் சக மாணவர்களை எட்டிப்பிடிக்க 5 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும்.

தமிழில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. தெருவில் "வந்தாங்க", புத்தகத்தில் "வந்தார்கள்". தெருவில் "போயிடுச்சு", புத்தகத்தில் "சென்றுவிட்டது". வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கே இது ஒரு தாவல்தான். ஆனால் அந்தப் பிள்ளை பாட்டியிடம் கதை கேட்டும் டிவி செய்தி காதில் விழுந்தும் எழுத்துத் தமிழோடு ஓரளவு பழகியிருக்கும். போஜ்புரியோ சந்தாலியோ பேசும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் பள்ளியில் மட்டும்தான் கிடைக்கும்.

ஆகவே ஒரு செயல்திட்டத்தை நான் எடைபோடும் முதல் கேள்வி, பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்குப் பிள்ளையை அது கூட்டிப்போகிறதா என்பது. இரண்டாவது, ஒரே வாக்கியத்தைச் சலிப்பில்லாமல் பலமுறை சொல்லவும் எழுதவும் அதில் காரணம் இருக்கிறதா. மூன்றாவது, வாய் திறக்காத பிள்ளைக்கு அதில் உண்மையான இடம் உண்டா. பணம் எனக்கு ஒரு கேள்வியாகப் படவில்லை. இங்கே பேசப்போகும் எதற்கும் சார்ட் பேப்பருக்கும் ஸ்கெட்ச் பேனாவுக்கும் மேல் செலவில்லை.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். இந்தப் பிள்ளைகள் வெறுங்கையோடு வருவதில்லை. இந்தி, ஒடியா, வங்காளம் எல்லாமே தமிழைப் போல வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வைப்பவை. "எனக்குப் பசிக்கிறது" என்பதுபோல் "எனக்கு" என்று தொடங்கும் அமைப்பு இந்தியிலும் உண்டு. "டீ கீ" என்று நாம் சொல்வதை அவர்கள் "சாய் வாய்" என்பார்கள். இவை எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் பாலங்கள்.

சிக்கல்களும் குறிப்பான இடங்களில்தான் இருக்கின்றன. இந்தி எழுதும் நாகரி எழுத்தில் குறில் எ, ஒ இரண்டுக்கும் வழக்கமான தனி எழுத்து கிடையாது. அதனால் "எடு", "ஏடு" இரண்டும், "கொடு", "கோடு" இரண்டும் குழம்பும். க வரிசையிலேயே (ka, kha, ga, gha) நான்கு எழுத்து பார்த்த பிள்ளைக்கு "கடல்", "தங்கம்", "மகன்" மூன்றிலும் ஒரே "க" வருவது புதிராக இருக்கும். வங்காளத்திலும் ஒடியாவிலும் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல்தான், வினையும் ஆண், பெண் பார்த்து மாறாது. எனவே "அக்கா வந்தான்" என்று வரும். இந்திப் பிள்ளைக்கோ நாற்காலிக்கும் சுவருக்கும்கூட ஆண்பால், பெண்பால் உண்டு. அஃறிணை என்ற தனி வகுப்பு புதிது, "நாய் வந்தான்" என்று சொல்லும். நாம், நாங்கள் வேறுபாடு இந்தியிலும் வங்காளத்திலும் இல்லை. எந்தச் செயல்திட்டம் இந்த இடங்களை இயல்பாகத் தொடுகிறது என்று பார்த்தால் தேர்வு கொஞ்சம் எளிதாகும்.

பொம்மலாட்டமும் நாடகமும்

புதிதாக வந்த பிள்ளைகள் அதிகம் உள்ள வகுப்பில் முதல் சில வாரங்களுக்கு இதற்கு இணை வேறு இல்லை. மேடை நாடகத்தைவிடப் பொம்மையை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. துணித் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பொம்மையைப் பேசவிடும் பிள்ளை, தவறாகச் சொன்னால் தப்பு செய்தது பொம்மைதான். கூச்சம் அப்படியே விலகும். திருப்பூரில் பொருளுக்கும் பஞ்சமில்லை. நூல் சுற்றிவந்த காலி கோன்கள் உடம்பாகும், பனியன் வேஸ்ட் துணி தலையும் உடையும் ஆகும்.

கதையைத் தேர்வதில்தான் கவனம் வேண்டும். எல்லாருக்கும் முன்பே தெரிந்த கதையாக இருக்கட்டும். குரங்கும் முதலையும், பானையில் கல் போட்ட காகம் போன்றவை பீகாரிலும் ஒடிசாவிலும் இங்கேயும் சொல்லப்படும் கதைகள். முதலில் பிள்ளைகள் தங்கள் மொழியில் சொல்லட்டும். கதை தெரிந்திருந்தால் மூளை முழுவதும் தமிழுக்கு வேலை செய்யும். அடுத்தது, ஒரே வசனம் திரும்பத் திரும்ப வரும்படி கதையை அமைக்க வேண்டும். குரங்கு ஒவ்வொரு நாளும் "முதலை நண்பா, பழம் வேண்டுமா?" என்று கேட்கட்டும். முதலை ஒவ்வொரு நாளும் "வேண்டும், இன்னும் இரண்டு கொடு" என்று சொல்லட்டும். வேண்டும், வேண்டாம், கொடு, எடு எல்லாம் அங்கேயே பதிந்துவிடும்.

கதை சொல்வதில் மறைந்திருக்கும் ஒரு பயன் "என்று". இந்தியில் "அவன் சொன்னான்" முதலில் வந்து, "கி" என்ற இணைப்புக்குப் பிறகு சொன்ன பேச்சு வரும். தமிழில் பேச்சு முதலில் வந்து "என்று சொன்னான்" பின்னால் வரும். பாடப்புத்தகம் முழுக்க இந்த அமைப்பு இறைந்து கிடக்கிறது. இலக்கணமாகச் சொல்லிக்கொடுத்தால் ஏறாது. "எனக்குப் பழம் வேண்டும் என்று முதலை சொன்னது" என்பதைக் கதைசொல்லியாகப் பத்து தடவை சொன்ன பிள்ளைக்குக் கை தானாக எழுதும்.

அந்தக் கதைசொல்லி வேடம்தான் இந்தச் செயல்திட்டத்தின் உயிர். பாத்திரங்கள் பேச்சுத் தமிழில் பேசட்டும். கதைசொல்லி மட்டும் "ஓர் ஆற்றங்கரையில் ஒரு குரங்கு வாழ்ந்தது" என்று புத்தகத் தமிழில் பேச வேண்டும். அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் சுழற்சியில் கொடுக்க வேண்டும். பெரும்பாலான வகுப்புகளில் நன்றாகத் தமிழ் படிக்கும் ஒரு பிள்ளைக்கே அதைக் கொடுத்துவிடுகிறார்கள். வெளிமாநிலப் பிள்ளை ஓரத்தில் மரமாக நிற்கிறது, இல்லை சிங்கமாக ஒரு தடவை கர்ஜித்துவிட்டுப் போகிறது. ஆண்டு விழா நெருங்கினால் இது இன்னும் மோசமாகும். நிகழ்ச்சி நன்றாக வர வேண்டும் என்ற கவலையில் பிள்ளை கற்பது பின்னுக்குப் போய்விடும். ஆகவே விழாவுக்கான நாடகத்தையும் மொழி கற்பதற்கான நாடகத்தையும் ஒன்றாக்காதீர்கள். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, பக்கத்து வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினால் போதும்.

குறை என்ன? எழுத்து இல்லை. மனப்பாடமாகச் சொல்லிவிட்டு அர்த்தம் தெரியாமல் போகவும் வாய்ப்பு அதிகம். நடுவில் ஒரு பிள்ளை ஊருக்குப் போய்விட்டால் குழுவே நின்றுபோகும்.

பிள்ளை செய்யும் இருமொழிப் புத்தகம்

ஒரு ஏ4 தாளை மூன்று தடவை மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் 8 பக்கச் சின்னப் புத்தகம் ஆகிவிடும். பசை, ஸ்டேப்ளர் எதுவும் வேண்டாம். அட்டை போக 6 பக்கம். பக்கத்துக்கு ஒரு படம், தமிழில் ஒரு வாக்கியம், வீட்டு மொழியில் ஒரு வாக்கியம். இவ்வளவுதான் வடிவம்.

செய்முறையில்தான் விஷயம் இருக்கிறது. பிள்ளை முதலில் படம் வரையும். பிறகு அந்தப் படத்தைப் பற்றித் தனக்குத் தெரிந்த மொழியில், கலந்தும் உடைத்தும், சொல்லும். "மம்மி கம்பெனி போச்சு, நான் தம்பி பாக்கும்" என்று சொன்னால் ஆசிரியர் திருத்தாமல் கேட்டுக்கொண்டு, "அம்மா கம்பெனிக்குப் போவார். நான் தம்பியைப் பார்த்துக்கொள்வேன்" என்று எழுதிக் காட்டுவார். பிள்ளை அதைப் படிக்கும், தன் புத்தகத்தில் எழுதும், பக்கத்தில் இருப்பவனுக்குப் படித்துக் காட்டும், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துக் காட்டும். சொன்னது பிள்ளையின் பேச்சு, எழுதியது புத்தகத் தமிழ். நான் முதல் கேள்வியில் கேட்ட அந்தத் தாவல் ஒவ்வொரு பக்கத்திலும் நடக்கிறது. வேற்றுமை உருபுகள், அவன்/அவள், போவார்/போவேன் எல்லாம் பிள்ளையின் சொந்த வாக்கியத்தில் வருவதால் மறக்காது.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், வெளியிலிருந்து வந்த வாசிப்புப் புத்தகங்கள் அவர்களிடம் ஒட்டவில்லை என்று கண்டு, ஒவ்வொரு பிள்ளையிடமும் "உனக்கு என்ன சொல் வேண்டும்?" என்று கேட்டு, அந்தச் சொல்லை அட்டையில் எழுதிக் கொடுத்தார். பயம், அன்பு சார்ந்த சொற்களைப் பிள்ளைகள் ஒரே பார்வையில் படித்தார்கள். கனடாவின் மிஸ்ஸிஸாகா நகரில் தார்ன்வுட் பள்ளி இன்னொரு படி மேலே போனது. குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் வீட்டு மொழியிலும் தங்கள் கதைப் புத்தகங்களைத் தயாரித்தார்கள், வீட்டு மொழிப் பகுதிக்குப் பெற்றோர் உதவினார்கள். கம்மின்ஸ் இந்தப் பள்ளியின் வேலையைப் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறார். தாய்மொழியில் கற்ற அறிவு இரண்டாம் மொழிக்கு மாறும் என்ற அவருடைய கருத்துக்கு இது நேரான உதாரணம்.

"எனக்கு இந்தி தெரியாதே, அந்தப் பாதியை யார் எழுதுவது?" என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். எழுதத் தெரிந்த அப்பாவோ அக்காவோ இருந்தால் வீட்டில் எழுதி வரட்டும். உயர் வகுப்பில் நாகரி எழுதத் தெரிந்த பிள்ளை இருந்தால் அதைக் கேளுங்கள். யாருமே இல்லையென்றால் பிள்ளை தன் மொழியைத் தமிழ் எழுத்திலேயே எழுதட்டும். "பானி", "ரோட்டி", "மேரா பாய்" என்று தமிழ் எழுத்தில் தன் வீட்டுச் சொல்லைப் பார்க்கும் பிள்ளைக்கு, அந்த எழுத்துகள் முதல் தடவையாகத் தனக்குப் புரியும் ஒன்றைச் சொல்கின்றன. மொழித் தூய்மை பார்ப்பவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். எழுத்துப் பழக இதைவிட வேகமான வழி நான் பார்க்கவில்லை. பீகாரிலிருந்து வந்த எல்லாரையும் "இந்திக்காரப் பிள்ளை" என்று சொல்லிவிடுகிறோம். வீட்டில் மைதிலியோ மகஹியோ போஜ்புரியோ இருக்கும். எந்த மொழி என்று பிள்ளையிடமே கேட்டு, அதன் பெயரைப் புத்தக அட்டையில் எழுதவிடுங்கள்.

தலைப்பு விஷயத்தில் ஒரு வேண்டுகோள். "உங்க ஊரைப் பத்தி எழுது" என்று எல்லாருக்கும் ஒரே தலைப்பு கொடுக்காதீர்கள். சில பிள்ளைகள் கைக்குழந்தையாக இங்கே வந்தவர்கள், அந்த ஊர் அவர்களுக்கு நினைவே இல்லை. சிலருக்கு அந்த ஊர் கடனும் சண்டையும் நடந்த இடம். காலை உணவுத் திட்டத்தில் தரும் பொங்கல், மொட்டைமாடிப் பட்டம், தம்பியின் காய்ச்சல், கம்பெனி வாசலில் இருக்கும் நாய் என்று எதுவாகவும் இருக்கலாம். பிள்ளை தேர்ந்தெடுத்ததைத்தான் பிள்ளை படிக்கும்.

மாதிரிக்குப் புத்தகம் வேண்டுமென்றால் பள்ளியிலேயே இருக்கிறது. தமிழக அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையில் வந்த சின்னப் புத்தகங்களில் "நுழை" வரிசை இதற்குச் சரியாகப் பொருந்தும். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் இலவசமாகக் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

இதன் பெரிய குறை ஆசிரியரின் நேரம். ஒவ்வொரு பிள்ளையோடும் உட்கார வேண்டும். 40 பேர் வகுப்பில் எல்லாருக்கும் ஒரே நாளில் முடியாது. ஒரு நாளைக்கு நாலு பேர் என்று வைத்துக்கொண்டு, மற்றவர்கள் படம் வரைந்துகொண்டும் முடிந்த புத்தகங்களை மாற்றிப் படித்துக்கொண்டும் இருந்தால் சமாளிக்கலாம். தமிழ்ப் பிள்ளைகளும் கட்டாயம் புத்தகம் செய்ய வேண்டும். அவர்களுடைய இரண்டாம் மொழி வாக்கியத்துக்கு அவர்கள் வெளிமாநிலப் பிள்ளையிடம் போய்த்தான் கேட்க வேண்டும். "பட்டத்துக்கு உங்க பாஷைல என்ன?" என்று ஒருவன் கேட்கும்போது, அதுவரை எதுவும் தெரியாதவனாக உட்கார்ந்திருந்த பிள்ளை தெரிந்தவனாகிவிடுகிறது. அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் கற்ற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தால் புதிதாக வந்தவன் அரும்பிலேயே தனியாக உட்கார்ந்திருப்பான். புத்தக வேலையில் எல்லாரும் ஒரே தரையில் உட்காரலாம்.

கையெழுத்துப் பத்திரிகை

எனக்கு மனத்துக்கு மிகப் பிடித்தது இதுதான். ஆனாலும் இரண்டாம் இடத்தில்தான் வைக்கிறேன். தமிழ்நாட்டில் கையெழுத்துப் பத்திரிகைக்கு நீண்ட பழக்கம் உண்டு. உலகத்தில் இதற்குப் பெயர்பெற்றவர் பிரான்சின் செலஸ்டின் ஃபிரெனே. 1920களில் பார்-சுர்-லூ என்ற ஊரில் சிறு அச்சு இயந்திரத்தை வகுப்புக்குள் கொண்டுவந்து, பிள்ளைகள் வெளியே நடந்து பார்த்ததைத் தாங்களே எழுதி, அச்சுக் கோத்து, வேறு பள்ளிகளுக்கு அனுப்பவைத்தார். யாரோ ஒருவர் உண்மையிலேயே படிக்கப்போகிறார் என்றால் பிள்ளை பிழை பார்த்து எழுதும். அந்த உண்மை வகுப்புக் கட்டுரையில் கிடைக்காது.

இதில் மொழிக்குக் கிடைக்கும் பெரிய லாபம் பேட்டி. காலை உணவு சமைக்கும் அக்காவிடம் போய் "எத்தனை மணிக்கு வருவீங்க? எத்தனை பேருக்குச் சமைப்பீங்க?" என்று கேட்டுவிட்டு வந்து, "அவர் காலையில் ஐந்து மணிக்கு வருகிறார்" என்று எழுத வேண்டும். பேச்சில் கேட்டது எழுத்தில் மாறுகிறது, "நீங்க" என்பது "அவர்" ஆகிறது, வினை விகுதி மாறுகிறது. இதைவிடச் சரியான பயிற்சியை எந்தப் பயிற்சி ஏட்டிலும் பார்க்க முடியாது. "நாங்கள் கேட்டோம்", "நாம் தண்ணீரைச் சேமிக்க வேண்டும்" என்று நாங்கள், நாம் வேறுபாடும் தானாக வந்து நிற்கும்.

ஆனால் இதற்கு ஓரளவு தமிழ் முன்பே இருக்க வேண்டும். வந்து இரண்டு மாதம் ஆன பிள்ளையைப் பத்திரிகை வேலையில் விட்டால், ஓரத்தில் பூ போட்டுக் கலர் அடிக்கும் வேலைதான் கிடைக்கும். தமிழ்ப் பிள்ளைகள் எழுதி முடித்துவிடுவார்கள். இதற்கு ஒரு மாற்று உண்டு: வெளிமாநிலப் பிள்ளையால் மட்டுமே கொண்டுவர முடிகிற செய்தியை அந்தப் பிள்ளையிடம் ஒப்படைப்பது. லைன் வீட்டில் சத் பூஜைக்கு (பீகார் மக்களின் சூரிய வழிபாட்டுப் பண்டிகை) என்ன செய்கிறார்கள், பக்கத்து வீட்டு மாமா எந்த ரயிலில் எத்தனை மணிநேரம் பயணம் செய்து வந்தார் என்று வீட்டு மொழியில் கேட்டு வந்து, வகுப்பில் ஒரு தமிழ்ப் பிள்ளையோடு சேர்ந்து தமிழில் எழுத வேண்டும். அந்தப் பக்கம் இல்லாமல் இதழ் வராது என்று ஆனால் ஓர வேலை நின்றுபோகும். நாலு, ஐந்தாம் வகுப்பில், ஓராண்டாவது இங்கே இருந்த பிள்ளைகளுக்கு இது புத்தகத்தைவிட மேல்.

மற்றவை

பாட்டை எந்த வகுப்பும் விடக் கூடாது. குறில், நெடில், ழ, ள, ற எல்லாம் காதுக்கும் நாக்குக்கும் பழகப் பாட்டுதான் வழி. ஆனால் பாட்டு மட்டும் பாடிய பிள்ளை சொந்தமாக வாக்கியம் அமைக்காது. அதைத் தினமும் ஐந்து நிமிடப் பழக்கமாக வையுங்கள், பருவத்தின் செயல்திட்டமாக வேண்டாம்.

தெர்மாகோலில் வீடு, சார்ட்டில் ஐந்திணை போன்ற கண்காட்சி வேலைகளை நான் இந்தப் போட்டியிலேயே சேர்க்க மாட்டேன். பிள்ளை கை ஓயாமல் வேலை செய்யும், வாய் திறக்காது. பல நேரம் அது அப்பா ஸ்டேஷனரி கடையில் செலவழித்த பணம்தான்.

ஃபோன் ஒலிப்பதிவு நல்ல துணை. தன் குரலைக் கேட்டு "இன்னொரு தடவை சொல்றேன் டீச்சர்" என்று பிள்ளையே கேட்கும். சலிப்பில்லாத திருப்பம் என்று நான் சொன்னது அதுதான். எழுதத் தெரியாத அம்மாவுக்கும் பிள்ளை தமிழில் படிப்பதைக் கேட்க வைக்கலாம். அந்தப் பெற்றோருக்கு மட்டும் அனுப்புங்கள். பள்ளியின் பொதுக் குழுவில் போட வேண்டாம்.

ஊருக்குப் போகும் பிள்ளைகள்

தேர்வை மாற்றக்கூடிய பெரிய விஷயம் இது. சத் பூஜைக்கு அக்டோபர், நவம்பரில் போவார்கள். ஹோலிக்கு மார்ச்சில் போவார்கள். சிலர் மூன்று வாரத்தில் திரும்புவார்கள், சிலர் திரும்புவதே இல்லை. ஒருவர் போனால் நாடகக் குழு கலைகிறது. பத்திரிகை வகுப்பிலேயே நிற்கிறது. புத்தகம் மட்டும்தான் பிள்ளையோடு ரயில் ஏறுகிறது. பாதியில் நின்றாலும் எழுதிய மூன்று பக்கம் அதன் கையில் இருக்கும். என் முதல் தேர்வுக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

செங்கல் சூளைப் பிள்ளைகளின் நிலைமை வேறு. ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கத்திலிருந்து திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு சூளைகளுக்கு வரும் குடும்பங்கள் ஏறக்குறைய ஆறு மாதம் இருந்துவிட்டு மழைக்கு முன் திரும்பிவிடும். அந்தப் பிள்ளை அடுத்த ஜூலையில் ஒடியாவில்தான் பாடம் படிக்கப்போகிறது. இயன்றவரை தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்வதும் இங்கே பொருந்தும். அங்கே ஒடியா படிப்பு விட்டுப்போகாமல் இருப்பதே முதல் வேலை. தமிழுக்குப் பாட்டும் பொம்மையும் போதும். புத்தகம் செய்தால் ஒடியா பெரிய எழுத்திலும் தமிழ் சின்ன எழுத்திலும் இருக்கட்டும்.

ஆசிரியருக்குத் துணை

மூன்று வழியிலும் வீட்டு மொழி தெரிந்த ஒரு பெரியவர் வாரத்துக்கு ஒருநாள் வந்தால் வேலை பாதியாகும். கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் 2017இல் தொடங்கிய ரோஷ்ணி திட்டம் இதைத்தான் நம்பியது. பினானிபுரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் தொடங்கி, பிள்ளைகளின் மொழி தெரிந்த தன்னார்வலர்கள் பள்ளி தொடங்கும் முன் வகுப்பெடுத்து, தாய்மொழியையும் மலையாளத்தையும் மாற்றி மாற்றிப் பேசிக் கற்பித்தார்கள். திருப்பூரில் அப்படி ஒருவரைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. லைன் வீட்டிலேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அக்கா ஒருவர் இருப்பார். தலைமை ஆசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் அழைத்தால் ஷிப்ட் இல்லாத நாளில் பெரும்பாலும் வருவார்.

எப்படி முடிவெடுப்பது

வகுப்பில் பாதிக்கு மேல் புதிதாக வந்தவர்கள், அதுவும் ஒன்று, இரண்டாம் வகுப்பு என்றால் பொம்மலாட்டத்தில் தொடங்குங்கள். நாலைந்து வாரத்தில் அதே கதையை 8 பக்கப் புத்தகமாக்குங்கள். கதை தெரிந்திருப்பதால் எழுத்துக்கு மட்டும் உழைத்தால் போதும். நாற்பது பேரில் நாலு பேர்தான் வெளிமாநிலப் பிள்ளைகள் என்றால் நேரே புத்தகம். அந்த நாலு பேரும் மற்றவர்களுக்கு மொழி உதவி செய்யும் இடத்தில் இருக்கட்டும். ஐந்தாம் வகுப்பில் ஓராண்டுக்கு மேல் இருந்தவர்கள் அதிகம் என்றால் பத்திரிகை. ஒரே ஒரு பிள்ளை மட்டும் இருந்தால் நாடகம் வேண்டாம், அந்தப் பிள்ளை எல்லார் முன்னாலும் தனித்துத் தெரிந்துவிடும். புத்தகமும் ஒரு நல்ல பெஞ்ச் தோழனும் போதும்.

பிள்ளை கற்றதா என்று பார்க்கத் தேர்வு வைக்க வேண்டாம். பிள்ளை செய்த புத்தகத்தின் வாக்கியங்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதிக் கலைத்துக் கொடுங்கள். படத்தைப் பார்க்காமல் படிக்கிறதா? "நான் தம்பியைப் பார்த்துக்கொள்வேன்" என்பதில் "நான்" என்பதற்குப் பதில் "அக்கா" என்று மாற்றினால் "பார்த்துக்கொள்வாள்" என்று வருகிறதா? அது வந்தால் வாக்கியம் மனப்பாடத்தைத் தாண்டிவிட்டது.

புத்தகத்தின் பின்னட்டையை மட்டும் காலியாக விடாதீர்கள். பிள்ளைக்கு எந்தெந்த எழுத்து தெரியும், எவ்வளவு படிக்க முடிகிறது, வீட்டு மொழி எது என்று மூன்று வரி, தேதியோடு, தமிழிலும் முடிந்தால் இந்தியிலும் எழுதிக் கொடுங்கள். வருடத்தின் நடுவில் குடும்பம் கிளம்பிவிட்டால் மாற்றுச் சான்றிதழில் இந்தத் தகவல் எதுவும் இருக்காது. அடுத்த பள்ளியின் டீச்சர், அது ஈரோடோ பாட்னாவோ, அந்தப் பின்னட்டையைப் பார்த்து எங்கிருந்து தொடங்கலாம் என்று தெரிந்துகொள்வார்.